பத்து அங்குலக் கடைசல் இயந்திரம்: கல்லடி வீட்டுப் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

சீனாவில் வார்க்கப்பட்டு, வெவ்வேறு நிறப் பூச்சோடும் வெவ்வேறு பெயர்த்தகட்டோடும் பல நாடுகளில் விற்கப்படும், மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி வடிவமைக்கும் சிறிய கடைசல் இயந்திரங்களில் ஒன்றைக் கொழும்பிலிருந்து லொறியில் தருவித்து, மட்டக்களப்பின் கல்லடியில் என் வீட்டின் பின்புறத்துப் பட்டறையில் நிறுத்தியிருக்கிறேன். படுகைக்கு, அதாவது அடியிலுள்ள நீண்ட இரும்புத் தளத்துக்கு, மேலே 10 அங்குல விட்டம் வரை சுழற்றலாம். இரு முனைகளுக்கிடையே 18 அங்குல நீளம் கிடைக்கும். மோட்டார் 550 வாட். ஒரே வார்ப்பே பல பெயர்களில் வருவதால், இங்கு எழுதுவது ஒரு நிறுவனத்தைப் பற்றியதன்று, இந்த அளவுடைய இயந்திர வகையைப் பற்றியது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலைக்குத் தகுந்த, வாங்கத்தக்க இயந்திரம்தான், ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வேலைக்கு ஆயத்தமான பொருளாக எண்ணி வாங்குபவர் ஏமாறுவார். தொழிற்சாலை செய்து முடிக்காமல் விட்ட வேலையை வாங்கியவரே செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எங்கள் எழுவான்கரை மண்ணில் அந்த வேலை சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

வாங்குவதற்கு முன் எதைக் கடையப் போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது நல்லது. இயந்திரம் வந்திறங்கிய செய்தியறிந்து பார்க்க வந்த, நெடுங்காலம் தச்சு வேலை செய்த அயலவர் ஒருவர் படுகையை ஒரு முறை சாணால் அளந்துவிட்டு, "தம்பி, இதில கட்டிலுக்குத் தலைமாட்டுக் கால் கடைய ஏலாது. நீளம் காணாது" என்றார். "கட்டில் காலுக்கு வாங்கல்ல அண்ணன்" என்றேன். அவர் சொன்னது முழுவதும் சரி. கட்டில், படிக்கட்டுக் கைப்பிடி, விறாந்தைத் தூண் ஆகியவற்றைக் கடைந்து விற்கும் எண்ணமுள்ளவர்களுக்கு இந்த அளவு போதாது; தனியாக விற்கப்படும் நீட்டிப்புப் படுகையைச் சேர்த்தால்தான் நீளம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மாறாக, கிண்ணம், தட்டு, மத்து, பம்பரம், உளிப்பிடி, கோலாட்டக் கம்பு, உடுக்கின் உடல் போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். கூத்துக்குரிய மத்தளத்தின் உடலைக் கடையலாமா என்று கேட்பவர்களுக்கு: அதன் நீளத்துக்கும் பருமனுக்கும் இந்த இயந்திரம் ஈடுகொடுக்காது.

பெட்டியில் வந்த இயந்திரம் 40 கிலோவுக்குக் குறையாத எடையுடையது. இருவர் சேர்ந்து தூக்குவதே முறை. வார்ப்பிரும்புப் பகுதிகள் எல்லாம் துருப் பிடிக்காமலிருக்கப் பூசப்பட்ட தடித்த கிறீசோடு வருகின்றன. அதை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். துடைத்த இரும்பை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதுதான் இங்கு முக்கியம். கடற்காற்றோடு வந்து படியும் உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வதால், உள்நாட்டு ஊர்களில் மாதக்கணக்கில் மினுங்கும் இரும்பு கல்லடியிலும் காத்தான்குடியிலும் மிக விரைவில் செம்மஞ்சள் பூத்துவிடும். தையல் மெசின் எண்ணெயை மெல்லிதாகப் பூசித் துடைத்து, படுகையின் மேற்பரப்புக்கு மட்டும் தேன்மெழுகு தேய்த்துவிட்டால், மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்பகுதி வழுக்கலாக நகரும், துருவும் அண்டாது. வீட்டில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெயைச் சிலர் பூசுகிறார்கள். அது காலப்போக்கில் காறிப் பிசுபிசுத்து மரத்தூளையெல்லாம் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. வேலை முடிந்தபின் சீவலையும் தூளையும் படுகையில் விட்டுவைக்கக் கூடாது. ஈர மரத்தின் சீவல் ஓரிரவு கிடந்தாலே இரும்பில் கறுப்புத் தழும்பு விழும்.

இயந்திரத்தோடு தாங்குமேசை வருவதில்லை. இதற்கென விற்கப்படும் மெல்லிய தகட்டுக் கால்களைக் கடையில் பார்த்தேன். கையால் தட்டினாலே அதிர்ந்தன. கடைசல் வேலையில் நடுக்கம்தான் முதல் எதிரி. மேசை பாரமாக இருக்கும் அளவுக்கு வெட்டு துப்புரவாக இருக்கும். பழைய வீடொன்றின் கூரை கழற்றியபோது கிடைத்த பாலை மர வளைகளைக் கொண்டு மேசை செய்வித்தேன். நீரில் அமிழும் அளவுக்குக் கனத்த மரம் என்பதால் இதற்கு அதைவிடப் பொருத்தமானதை இங்கே தேடத் தேவையில்லை. மேசையின் கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கியிருக்கிறேன். மணல் எங்கள் பக்கத்தில் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது; ஆனால் அதைக் கழுவி உப்பு நீக்கி, நன்கு உலர்த்தி, இறுகக் கட்டிய பொலித்தீன் பைகளில் இட வேண்டும், இல்லையேல் துருவை நாமே இயந்திரத்துக்கடியில் குடிவைத்தவர்களாவோம். மேசையின் உயரத்தை விற்பனையாளரின் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல் நம் உடம்பைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்: நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால் முழங்கை நிற்கும் உயரத்தில், மரத்தைப் பிடித்துச் சுழற்றும் சுழல்தண்டின் நடுப்புள்ளி இருக்க வேண்டும். குனிந்து கடைபவருக்கு முதுகும், கையைத் தூக்கிக் கடைபவருக்குத் தோளும் விரைவில் முறையிடும்.

இயந்திரத்தை மேசையில் பொருத்தும்போது எவரும் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு. மேசையின் மேற்பரப்பு சற்றே முறுகியிருந்தாலும், போல்ட்டுகளை இறுக்கியவுடன் அந்த முறுக்கு இரும்புப் படுகைக்கும் ஏறிவிடுகிறது. வார்ப்பிரும்பு வளையாது என்று எண்ணுவது தவறு. எனவே நான்கு போல்ட்டுகளையும் சிறிது சிறிதாக, எதிரெதிர் மூலைகளாக இறுக்கி, நீர்மட்டக் கோலைப் படுகையின் இரு அந்தங்களிலும் குறுக்கே வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலைக்கடியில் மெல்லிய தகட்டுத் துண்டைச் செருக வேண்டும். அதன்பின் சுழல்தண்டு இருக்கும் தலைப்பகுதியில், மரத்தைக் குத்திப் பிடிக்கும் நாற்பல் முனையையும் வால்பகுதியில் சுழலும் கூர்முனையையும் பொருத்தி, இரண்டும் தொடும் அளவுக்கு வால்பகுதியை நகர்த்திப் பார்த்தால், இயந்திரத்தின் தரம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எனக்கு வந்ததில் இரு கூர்களும் பக்கவாட்டில் பொருந்தின. உயரத்தில் தாளின் கனத்தளவு வேறுபாடு இருந்தது. தலைப்பகுதி போல்ட்டால் பிணைக்கப்பட்டதாகையால், அதன்கீழ் பித்தளைத் தகடு ஒன்றைச் செருகி அதைச் சரிசெய்ய முடிந்தது. தலைப்பகுதி படுகையோடு ஒன்றாக வார்க்கப்பட்ட இயந்திரமாயின் இந்த வழி அடைபட்டுவிடும். வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உளிதாங்கியைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை. மேல்விளிம்பு வார்ப்பச்சின் கரடுமுரடோடு அப்படியே பச்சை நிறப் பூச்சுப் பூசப்பட்டு வந்திருந்தது. உளி அதன்மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மேட்டிலும் உளி இடறினால் அந்த இடறலெல்லாம் மரத்தில் வரியாக விழும். தட்டையான அரத்தால் பூச்சையும் மேடுகளையும் ராவி, நுண்ணிய உப்புத்தாளால் மினுக்கி, மெழுகு தேய்த்தபின்தான் அது பயனுக்கு வந்தது. நாற்பல் முனையின் பற்களும் மழுங்கியே வந்தன. அவற்றையும் அரத்தால் கூராக்க வேண்டியிருந்தது. வால்பகுதியின் கைச்சக்கரம், இறுக்கும் நெம்புகோல்கள் ஆகியவை குறை சொல்ல முடியாதவை. கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் படங்களைக் கொண்டே புரிந்துகொள்ள வேண்டிய தரத்தில் இருந்தது.

வேகக் கட்டுப்பாடு இந்த விலைக்கு வியப்பூட்டும் அளவுக்கு நன்றாயிருக்கிறது. மூன்று படிக் கப்பியில் பெல்ட்டை மாற்றி ஒரு எல்லையைத் தெரிவுசெய்து, அந்த எல்லைக்குள் திருகியால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மிகக் குறைந்தது நிமிடத்துக்கு 500 சுற்று, மிகக் கூடியது 3,800. கடைசல்காரர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று வேகத்தால் பெருக்கினால் வரும் எண் 6,000 இற்கும் 9,000 இற்கும் இடையே இருக்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு அது 600 முதல் 900 சுற்று. சமப்படாத, மூலை வெட்டாத கட்டையாயின் அதற்கும் கீழே தொடங்க வேண்டும். ஆகவே 500 என்பது இந்த அளவு இயந்திரத்துக்குப் போதுமானது, ஆனால் மிஞ்சியதன்று. 10 அங்குல வட்டம் நிமிடத்துக்கு 1,000 தடவை சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், வேகத் திருகியை வீம்புக்குத் திருப்பும் ஆசை எவருக்கும் எழாது. கோலாட்டக் கம்பு போன்ற ஒல்லியான நீண்ட கம்புகளுக்கு மேற்படி கணக்கு இயந்திரத்தின் உச்ச வேகத்தையும் தாண்டிச் செல்லும். ஆனால் அவ்வேகத்தில் கம்பு நடுவில் சாட்டையாக அடிப்பதால், 2,000 சுற்றளவில் வைத்து, மறுகையின் விரல்களால் பின்புறம் தாங்கிக் கடைவதே நன்று.

மின்சாரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெளிநாட்டு மதிப்பீடுகளில் இப்பகுதி இருப்பதேயில்லை. எங்கள் நாட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கென 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸில் செய்யப்பட்ட பழைய இயந்திரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று யாராவது சொன்னால், மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தூண்டல் மோட்டாராயின் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும், கூடுதலாகச் சூடும் ஏறும். எனது இயந்திரத்தின் மோட்டார் நேரோட்டத்தில் இயங்குவது. அதைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகை தலைப்பகுதிக்குள் இருக்கிறது. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் வோல்ட் தாழும்போது மோட்டாரின் இழுவை குறைவதைக் காதாலேயே உணரலாம். ஆழமான வெட்டுகளை அந்நேரத்தில் செய்வதில்லை.

இதைவிட முக்கியமானது மின்வெட்டு. 2022 இல் நாளின் பெரும் பகுதியை மின்சாரமின்றிக் கழித்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இப்போதும் மாரியில் காற்றடித்தால் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்று, உளியைக் கீழே வைத்துவிட்டு நாம் மரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பினால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் நின்றால் தானாகவே விடுபட்டு, மீண்டும் கையால் அழுத்தினாலன்றி இயங்காத காந்தச் சுவிட்ச் இதற்காகவே இருக்கிறது. எனது இயந்திரத்தில் அது உண்டு. தோற்றத்தில் அதே போன்ற, விலை குறைந்த வேறொன்றில் சாதாரண சுவிட்ச்தான் இருந்தது. கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்: இயந்திரத்தை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி, மறுபடி செருகச் சொல்லுங்கள். தானாக ஓடத் தொடங்கினால் அதை வாங்காதீர்கள், அல்லது காந்தச் சுவிட்ச் ஒன்றுக்குரிய செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். புவித்தொடுப்புள்ள 13 அம்பியர் சொக்கெட்டிலிருந்து, வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தபின், நேரே இணைப்பதே சிறந்தது. நீட்டிப்பு வயரை முற்றத்துக்கு இழுத்து ஓட்டும் பழக்கம் மணலும் மழையும் உள்ள ஊருக்கு ஆகாது.

இயந்திரத்தின் விலையோடு செலவு முடிவதில்லை என்பதை விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை. கிண்ணம் கடைய, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் ஒன்று வேண்டும். அதன் விலை இயந்திர விலையில் நான்கிலொரு பங்கை எட்டலாம். அதை வாங்கும்போது சக்கைத் திருகி ஏற்றும் சுழல்தண்டின் புரியைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்: இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலானவை 1 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 8 புரியும் கொண்டவை, ஐரோப்பியச் சந்தைக்குரிய பெரிய இயந்திரங்கள் 33 மில்லிமீற்றர் விட்டத்தில் வருகின்றன, ஒன்றுக்குரிய சக் மற்றொன்றில் ஏறாது. அடுத்தது உளிகள். இயந்திரத்தோடு இலவசமாக வந்த உளிகளின் இரும்பு மிக மென்மையானது. அதிவேக உருக்கில் செய்த மூன்று உளிகளைத் தனியாக வாங்குவது, எட்டு உளிகள் கொண்ட அலங்காரப் பெட்டியை வாங்குவதைவிட மேல்: உருட்டித் திரட்டும் அகன்ற குழியுளி ஒன்று, கிண்ணத்துக்குரிய ஆழ்ந்த குழியுளி ஒன்று, துண்டு பிரிக்கும் ஒல்லி உளி ஒன்று. முதலாவதை நீளவாக்கு மரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதன் வால் பிடிக்குள் செல்லும் இடத்தில் மெலிந்திருப்பதால், கிண்ணத்தின் குறுக்கிழையில் அது பற்றிக்கொண்டால் முறிந்து தெறிக்கும்.

உளி இருந்தால் சாணையும் இருக்க வேண்டும். கடைபவர் உளியை அடிக்கடி தீட்டுவார். சாதாரண தச்சு வேலைக்கு ஒரு நாளில் ஒரு முறை தீட்டுபவர்கூட இங்கே சில நிமிடங்களுக்கொரு முறை சாணைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். இரும்புக்கடைகளில் கிடைக்கும் சாதாரண கிறைண்டரே போதும், ஆனால் அதோடு வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளை நிற அலுமினியம் ஒக்சைட் கல்லை மாட்டினால் உளி சூடேறுவது குறையும். மட்டக்களப்பு நகரில் அந்த வெள்ளைக் கல்லைத் தேடிச் சலித்துக் கொழும்புக்குச் சொல்லியனுப்பினேன்.

இனி மரம். இவ்விடயத்தில் கிழக்கிலுள்ளவர்கள் நற்பேறு பெற்றவர்கள். வேலியோரத்துப் பூவரசு, இந்த இயந்திரத்துக்காகவே வளர்ந்ததுபோல் கடைபடுகிறது: இழை நெருக்கமானது, வைரம் எனப்படும் உள்மரம் சாக்லேட் நிறம், உளி மழுங்குவதும் குறைவு. பசுபிக் தீவுகளில் கிண்ணம் கடைய நெடுங்காலமாக இதே மரத்தைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். நாமோ அதை வெட்டி அடுப்பில் வைக்கிறோம். வேம்பும் நன்றாகக் கடைபடும், வாசனையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதிரை கடைந்து முடித்தபின் பட்டுப்போல் ஒளிரும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பதால், முகக்கவசமும் கையை மூடும் சேட்டும் வேண்டும். பாலையில் 550 வாட் மோட்டார் திணறுகிறது. மெல்லிய வெட்டாக, பொறுமையோடு செய்தால் முடியும். பனையின் கறுப்பு நார்கள் உளியை விரைவில் மழுக்கிவிடுகின்றன, ஓரங்களும் பிய்கின்றன. பலா மஞ்சளாக அழகு காட்டும். அதைத் தறிக்க அனுமதி பெற வேண்டும் என்பதால் மரக்காலையில் மீந்த துண்டுகளையே வாங்குகிறேன். கருங்காலித் துண்டென்று சொல்லிக் கொண்டுவருபவர்களிடம் வாங்குவதில்லை. பாதுகாக்கப்பட்ட மரம் அது.

ஈர மரத்தைக் கடைவது இங்கே காலநிலையோடு சேர்த்து எண்ண வேண்டிய விடயம். தறித்த மரத்தைக் கிண்ணமாக முதலில் தடிப்பாகக் கடைந்து, காயவைத்து, பின்னர் இறுதி வடிவத்துக்கு மறுபடி கடைவதே முறை. விட்டத்தில் பத்திலொரு பங்கு தடிப்பு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம், விடப்படுகிறது. காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தில் நிற்கும் மாரியில் மரம் தன்னுள் ஏறத்தாழ 16 வீத ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். 65 வீதமாகக் குறையும் காலத்தில் அது 12 வீதமளவுக்கு இறங்கும். மாரியின் வாடைக்காற்றுக் காலத்தில் காய்ந்துவிட்டதென்று எண்ணி முடித்த கிண்ணம், வைகாசிக்குப்பின் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நெளிவதற்குக் காரணம் இதுவே. கச்சானில் நேரே காயவிட்ட ஈரக் கிண்ணமோ ஒரே நாளில் வெடித்துவிடும். எனவே முதற்கடைசலை மாரியில் செய்து, வெட்டு முகங்களுக்கு மெழுகு பூசி, தடித்த கடதாசிப் பைக்குள் இட்டு நிழலில் வைப்பதும், சமையலறைத் தராசில் அவ்வப்போது நிறுத்து எடை குறைவது நின்றபின் இறுதிக் கடைசலுக்கு எடுப்பதும் இவ்வூருக்குப் பொருந்துகின்றன.

பாதுகாப்புப் பற்றி இரண்டொரு வார்த்தைகள் போதும். வீட்டில் நிற்கும்போது சாரனோடு நிற்பது எங்கள் வழக்கம்; இயந்திரத்தின் முன் அது கூடாது. கோயிலில் கட்டிய காப்பு நூல், கழுத்துச் சங்கிலி, நீண்ட கைச்சேட்டின் அவிழ்ந்த பொத்தான், கையுறை ஆகிய எதுவும் சுழலும் தண்டில் சிக்கக் கூடியவை. சேட்டின் கையை மணிக்கட்டில் இறுகப் பொத்தானிட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரத்தோடு தந்த கண்ணாடி கண்ணை மட்டும் மறைக்கிறது. முகம் முழுவதையும் மூடும் கவசத்தைத் தனியே வாங்குங்கள்.

விற்பனைக்குப் பின்னான சேவையைப் பொறுத்தவரை கொழும்புக் கடைக்காரர் தொலைபேசியில் மரியாதையாகவே பதிலளித்தார். ஆனால் உதிரிப்பாகம் என்று வந்ததும் "வரவழைத்துத் தரலாம்" என்பதற்கு மேல் உறுதி கிடைக்கவில்லை. இது எந்த அளவுக்குக் கவலைக்குரியது என்பது பாகத்தைப் பொறுத்தது. பெல்ட்டின் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டால் அதற்கு ஈடானதை நகரத்துக் கடைகளிலேயே தேடலாம். சுழல்தண்டின் பெயரிங்குகள் 6004, 6005 போன்ற பொது இலக்கங்களைக் கொண்டவையாயின் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். மின்சுற்றுப் பலகை மட்டும் அப்படியன்று. அது அந்த இயந்திரத்துக்கே உரியது, பழுதானால் வேறொன்றை வைத்து ஒப்பேற்ற முடியாது. ஆகவே விலை பேசும்போது, பெட்டியிலுள்ள சுமாரான உளிகளுக்குப் பதிலாக மேலதிக மின்சுற்றுப் பலகை ஒன்றைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் இணங்கினால், பலகையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியோடு காற்றுப் புகாத டப்பாவில் இட்டு வீட்டுக்குள் வையுங்கள், பட்டறையில் வைக்காதீர்கள்.